ஆறாவது கிளிக்

வாட்லி, அயோவா
20 ஜூன் 1983

ஹார்லன் ஸ்ட்ரவுட் அவர்களுக்கு,

'மச்சான்' என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். நான்கு வருடமாக வாயில் வராதது தாளில் மட்டும் எப்படி வரும்? போனில் பேசினால் கத்துவேன், தெருமுனை வரைக்கும் கேட்கும். அதனால் கடிதம்.

இன்று காலை கிளப்பின் தலைமை அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஜூலை பத்தாம் தேதி கல்லூரிகளிலிருந்து புது பேஸ்பால் பையன்கள் வந்து இறங்குகிறார்களாம். இடம் வேண்டுமாம். என் அணியிலிருந்து ஓரின் டிப்ஸை வீட்டுக்கு அனுப்பிவிடச் சொல்கிறார்கள்.

"ஓரினையா? பேர மாத்திப் படிக்கிறீங்களா?" என்றேன்.

"ஹார்லன் அவனப் பாத்து மதிப்பீட்டு அட்டை எழுதி அனுப்பியிருக்காரு. பையனுக்குக் கால்ல வேகமில்லையாம். நம்ம கரோலினா டீம்ல ஒருத்தன் இருக்கான், இவனவிட வேகம். ரெண்டு பேருக்கு இடமில்ல எமில்" என்றார்கள்.

கால்ல வேகமில்லையா? அந்தப் பையனிடம் இருப்பதே கால்தானே! எறியும் கை சுமார், மட்டை சுமார். மைதானத்தின் நடுவில் நின்றுகொண்டு, எவன் எங்கே அடித்தாலும் ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கிறான். என் வாட்ச்சில் மட்டையிலிருந்து முதல் பேஸுக்கு நாலு புள்ளி ஒன்று விநாடியில் ஓடுகிறான். நீங்கள் நாலு புள்ளி மூன்று ஐந்து என்று எழுதியிருக்கிறீர்கள். ஊர் அறிய, கால் விநாடியை அவன் கணக்கில் கூட்டி வைத்திருக்கிறீர்கள். இருபதிலிருந்து எண்பது வரை போகும் நம் மதிப்பெண்ணில் ஓட்டத்துக்கு நாற்பது! எங்கள் கொழுத்த கேட்சருக்குப் போட வேண்டிய எண் அது.

எங்கள் பையன்களை எடைபோட ஜூன் முதல் வாரம் ஐந்து நாள் இந்த ஊரில் இருந்தீர்கள். சொந்தத் தங்கை வீடு நான்கு தெரு தள்ளி இருக்க, மோட்டலில் தங்கி ஹோட்டலில் சாப்பிட்டீர்கள். அது உங்கள் இஷ்டம். ஆனால் நம் வீட்டுச் சண்டையை என் ஆட்டக்காரன் தலையில் இறக்குவது என்ன நியாயம்? ராய்ஸை அனுப்பியது போதாதா? என் மகன் இன்று தானியக் கிடங்கில் மூட்டைத் தூசியைத் தின்றுகொண்டிருக்கிறான். அதற்காகத்தான் அந்த நவம்பர் தேங்க்ஸ்கிவிங் விருந்தில் நான் நாலு வார்த்தை சொன்னேன். சரி, சொன்னேன். அதற்கு வஞ்சம் தீர்க்க ஒரு கறுப்பினப் பையன்தான் கிடைத்தானா? மிஸிஸிப்பியில் மீன் குட்டை வேலையை விட்டு வந்திருக்கிறான், இருபது வயது.

அவனுக்கு இன்னும் எதுவும் தெரியாது. பத்தாம் தேதிக்குள் அட்டையைத் திருத்தி அனுப்புங்கள். இல்லையென்றால் மேனேஜர் என்று நான்தான் அவனிடம் சொல்ல வேண்டும்.

எமில் கோசெக்


பியோரியா, இல்லினாய்
25 ஜூன் 1983

மாப்பிள்ளை எமிலுக்கு,

உன் கடிதம் வந்தது. இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது, இரண்டாம் முறை சிரிப்பு வந்தது. என்னை 'நீங்கள்' என்று கூப்பிடுகிறாயே, 1951இல் என் காலுறையைத் திருடிப் போட்டுக்கொண்டு ஆடியவன் நீ.

ஓரின் டிப்ஸை ஐந்து ஆட்டங்களில் பதினோரு முறை அளந்தேன். மட்டையில் பந்து பட்டதும் ஓர் அழுத்து, முதல் பேஸில் கால் பட்டதும் ஓர் அழுத்து. இருபத்தாறு வருடமாகச் செய்கிற வேலை. அவனுடைய மிகச் சிறந்த ஓட்டம் நாலு புள்ளி மூன்று இரண்டு. நீ சொல்லும் நாலு புள்ளி ஒன்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட வரவில்லை. நான் என்ன செய்ய? காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. மேனேஜர்கள் எல்லாரும் அப்படித்தான். தன் பையன் ஓடினால் கட்டைவிரல் முன்கூட்டியே அழுத்திவிடும்.

உன்னை மட்டும் சொல்லவில்லை. இப்போதைய பையன்கள் எல்லாருமே மெதுவாகிவிட்டார்கள், கவனித்தாயா? ஆறு வருடத்துக்கு முன்னால் அணிக்கு மூன்று பேராவது நாலு புள்ளி ஒன்றில் ஓடுவார்கள். இன்று விளக்கு வைத்துத் தேட வேண்டியிருக்கிறது. எல்லாம் டிவியும் காரும் செய்கிற வேலை. வாட்ச்தான் கெட்டுவிட்டதோ என்று மூன்று வாட்ச் மாற்றிப் பார்த்துவிட்டேன். மூன்றும் ஒன்றையேதான் சொல்கின்றன.

ராய்ஸ் பேச்சை எடுத்தாய். எடுத்ததால் சொல்கிறேன். அவன் என் தங்கை மகன். அவனுக்கு முதல் கையுறை வாங்கிக் கொடுத்தவன் இந்தத் தாய்மாமன். அவனுடைய அட்டையை எழுதிய அன்று எனக்கு எப்படி இருந்தது என்று நீ ஒருநாளாவது கேட்டாயா? காரில் உட்கார்ந்து எழுதிவிட்டு அரை மணி நேரம் காரைக் கிளப்ப முடியவில்லை. பிறகு நவம்பரில் உன் வீட்டு மேஜையில் எல்லார் எதிரிலும் "என் மகனைக் கொன்னவன் கையால வான்கோழி வெட்ட வேண்டாம்" என்றாய். கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்தவன் நான். மோட்டலில் தங்காமல் வேறு எங்கே தங்குவேன்?

அட்டையைத் திருத்த மாட்டேன். ஒரு தடவை சொந்தத்துக்காகத் திருத்தினால் நான் எழுதிய அத்தனை அட்டையும் குப்பை.

தங்கை நடீனைக் கேட்டதாகச் சொல்.

ஹார்லன்


வாட்லி
1 ஜூலை 1983

மச்சான்,

கை தானாக எழுதிவிட்டது, இருக்கட்டும். உட்கார்ந்துகொண்டு படி.

நேற்று நான் மேனேஜர் வேலை பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை நடுவரிடம் "உனக்குக் கண் எதற்கு, காதை மட்டும் வைத்துக்கொள்" என்று சொல்லித் தொலைத்தேன். ஓர் ஆட்டத்துக்குத் தடை போட்டுவிட்டார்கள். அதனால் நேற்று மட்டைக்காரனுக்குப் பின்னால் இருக்கும் இருக்கைகளில், உங்கள் ஜாதிக்காரர்கள் நடுவில் போய் உட்கார்ந்தேன். மற்ற கிளப்புகளிலிருந்து ஆள் பார்க்க வந்த ஐந்து பேர். ஐந்து தொப்பி, ஐந்து வாட்ச். ஓரின் தரையோடு ஒரு பந்தை அடித்துவிட்டு ஓடினான். கிளிக். அவன் பேஸை மிதித்தான். கிளிக். ஐந்து பேரும் சேர்ந்து அழுத்தினால் ஒரே சத்தம்தான் வருகிறது.

நீங்கள் ஒருவர் எண்ணை ஒருவருக்குக் காட்ட மாட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் அவர்களில் ஒருவனான ஃபெரிஸ் பக்கத்தில் உட்கார்ந்து, நடீன் கட்டிக் கொடுத்த கசகசா வைத்த கொலாச்சி பன் இரண்டைத் தின்னக் கொடுத்தேன். மூன்றாவதை எடுக்கும்போது கேட்டேன்.

"நாலு புள்ளி பூஜ்யம் ஒம்போது. எதுக்குக் கேக்கறீங்க?" என்றான்.

"ஹார்லன் நாலு புள்ளி மூணு அஞ்சுன்னு எழுதியிருக்காரு."

ஃபெரிஸ் மெல்லுவதை நிறுத்திவிட்டான். மற்ற நாலு பேரும் மைதானத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள், அங்கே ஒன்றுமே நடக்கவில்லை.

"உங்க மச்சானோட கிளிக் தனியா வரும், எமில். நாங்க எல்லாரும் அழுத்தினப்புறம் பின்னால ஆறாவதா ஒண்ணு. முதல் அழுத்து எங்களோடதான் விழும். ரெண்டாவதுதான் பிந்துது. ரெண்டு வருஷமா. எங்களுக்கெல்லாம் தெரியும்" என்றான்.

"தெரிஞ்சு ஏன்யா சொல்லல?"

"அடுத்தவன் வாட்ச்சப் பத்திப் பேசக்கூடாது. அவர்தான் எனக்கு அத சொல்லிக் குடுத்தாரு" என்றான்.

வீட்டுக்கு வந்து, அலுவலகத்திலிருந்து உன் அட்டைகளின் நகலைப் போனிலேயே படிக்கச் சொல்லி எழுதிக்கொண்டேன். பதினான்கு பையன்கள். என் வாட்ச் எண்ணோடு ஒப்பிட்டால் பதினான்கு பேருமே கால் விநாடி பின்னால். கேட்சர் இரண்டாம் பேஸுக்கு எறியும் நேரம்கூட அப்படித்தான். நீ ஓரினை வஞ்சிக்கவில்லை. வஞ்சித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நடீனிடம் சொன்னதும் அழுதாள். ஜூனில் நீ இங்கே இருந்தபோது உன்னைப் பார்க்க ஹோட்டலுக்கு வந்தாளாம், என்னிடம் சொல்லவில்லை. "அண்ணன் சட்டைக் கைப் பட்டன எடது கையாலயே போட்டார். நான் பாக்கறேன்னு தெரிஞ்சதும் கைய மேஜைக்குக் கீழ வச்சுக்கிட்டார்" என்றாள்.

உன் வலது கைக்கு என்ன, மச்சான்? மறைக்காதே. ஓரினுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. ஆனால் நான் அவனுக்காக மட்டும் கேட்கவில்லை.

எமில்


பியோரியா
7 ஜூலை 1983

மாப்பிள்ளை,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் ஃபெரிஸுக்கு நாலு வரி எழுதினேன், அச்சில் ஏற்ற முடியாத வார்த்தைகள். தபாலில் போடுவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்து பார்க்கலாம் என்று தோன்றியது. அவனைப் பொய்யனாக்கி, அந்த எண்ணையும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்று.

ஞாயிறு பகல் ஆட்டத்துக்கு இரண்டு வாட்ச் கொண்டுபோனேன். வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று. இரண்டு கட்டைவிரலாலும் ஒரே சமயத்தில் அழுத்துவது என்று முடிவு. முதல் பையன் ஓடினான். இடது கை நாலு புள்ளி ஒன்று இரண்டு. வலது கை நாலு புள்ளி மூன்று ஏழு.

வாட்ச்சை மாற்றிப் பிடித்தேன். அடுத்தவன் ஓடினான். இடது நாலு புள்ளி இரண்டு. வலது நாலு புள்ளி நாலு நாலு. ஆட்டம் முடிவதற்குள் முப்பத்தொரு பேரை அளந்தேன். ஒரு தடவையாவது வலது கை ஜெயிக்குமா என்று பார்த்தேன். முதல் அழுத்து சரியாகத்தான் விழுகிறது. விட்டுவிட்டுத் திரும்ப அழுத்தச் சொன்னால், விரல் யோசிக்கிறது. என் விரல், மாப்பிள்ளை! நான் சொல்லி முடித்த பிறகு அது யோசிக்கிறது. பக்கத்தில் இருந்தவன் "உடம்பு சரியில்லையா பெரியவரே?" என்று கேட்டான். தண்ணீர் வாங்கிக் கொடுத்தான்.

செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் போனேன். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொன்னார். இடது கை தட்டியது. வலது கை நாலு தட்டுத் தட்டிவிட்டு, சேற்றில் மாட்டிய மாதிரி நின்றது. நடுக்குவாதத்தின் ஆரம்பம் என்றார்.

"எனக்கு நடுக்கமே இல்லையே டாக்டர்?"

"சிலருக்கு முதல்ல மெதுவாகும். அப்புறம்தான் நடுங்கும்."

"எப்ப ஆரம்பிச்சிருக்கும்?"

"ரெண்டு வருஷம் இருக்கலாம், அஞ்சு வருஷமும் இருக்கலாம். யாருக்குத் தெரியும்?" என்றார். ரொம்ப சாதாரணமாகச் சொன்னார். வெளியே அடுத்த நோயாளி காத்திருந்தாள்.

பையன்கள் மெதுவாகிவிட்டார்கள் என்று உனக்கு எழுதினேனே, அதைத்தான் ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தேன். போன குளிர்காலத்தில் கிளப் கூட்டத்தில் எழுந்து நின்று இருபது நிமிடம் பேசினேன். கைதட்டினார்கள். ஒரு தலைமுறையே கெட்டுவிட்டது என்று நினைத்தேன், என் ஒரு விரலைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

அலுவலகத்துக்குப் போன் செய்துவிட்டேன். ஓரின் எண் தவறு, இந்த வருடம் நான் கொடுத்த ஓட்ட எண் ஒன்றையும் நம்பாதீர்கள், காரணம் என் கை என்று சொன்னேன். "கிளப் கார அங்கயே விட்டுடுங்க ஹார்லன், ஆள் அனுப்பி எடுத்துக்கறோம்" என்றார்கள். இருபத்தாறு வருடம். ஒரு போன். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை, நானும் பையன்களை அவ்வளவு நேரத்தில்தான் அனுப்பியிருக்கிறேன்.

எழுத வந்தது இதுவல்ல. காரைக் காலி செய்தபோது டிக்கியில் இருந்த பழைய அட்டைப் பெட்டிகளை அறைக்குக் கொண்டுவந்தேன். ஐந்து வருட அட்டைகள். கால் வேகமில்லை என்று எழுதி வீட்டுக்கு அனுப்பியவர்கள் நாற்பத்து மூன்று பேர். ஒவ்வொன்றையும் எடுத்து, கால் விநாடியைக் கழித்துக் கழித்துப் பார்த்தேன். பதினேழு பேர் இன்றைக்கும் ஆடிக்கொண்டிருக்க வேண்டியவர்கள்.

பதினேழாவது அட்டை 14 ஆகஸ்ட் 1979. ராய்ஸ் கோசெக், இரண்டாம் பேஸ், நாலு புள்ளி ஐந்து. கழித்தால் நாலு புள்ளி இரண்டு ஐந்து. இன்னொரு வருடம் வைத்துப் பார்த்திருக்கலாம் எமில். என் தங்கை மகனை என் கையாலேயே கெடுத்துவிட்டேன். நீ அன்று மேஜையில் சொன்னது சரி. நான்தான் கத்தியைக் கோபமாக வைத்துவிட்டு வந்தேன்.

அவனிடம் நீ சொல்லிவிடு. எனக்குத் தைரியமில்லை.

ஹார்லன்


வாட்லி
11 ஜூலை 1983

மச்சான்,

முதலில் நல்ல சேதி. ஓரின் தங்குகிறான். சீசன் முடியும் வரை வைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். நேற்று பந்து வீசுகிறவன் அசந்த நேரம் பார்த்து ஓடி மூன்று பேஸ் திருடினான். தலைக்கு மேல் கத்தி தொங்கியதே அவனுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

அடுத்ததை எழுதத் தாளை மூன்று முறை கிழித்துவிட்டேன். நேராகச் சொல்லிவிடுகிறேன். 1979 ஆகஸ்ட் 14ஆம் தேதி உன் கை நன்றாக இருந்தது.

எனக்கு எப்படித் தெரியும்? அன்று நானும் அளந்தேன். ஆட்டக்காரர்கள் உட்காரும் கொட்டகையில், சட்டைப் பைக்குள் கையை விட்டு, யாருக்கும் தெரியாமல். நாலு புள்ளி நாலு ஒன்பது. நீ எழுதியது நாலு புள்ளி ஐந்து. அந்த மாதம் முழுக்க அளந்தேன். ஒருநாளும் நாலு புள்ளி நாலுக்குக் கீழே அவன் ஓடவில்லை. பெற்றவன் கட்டைவிரல் முன்கூட்டியே அழுத்தும் என்று எழுதினாயே, அழுத்தியும் அவ்வளவுதான்.

இன்னும் இருக்கிறது. உன் அட்டை போன பிறகு அலுவலகத்திலிருந்து எனக்குப் போன் வந்தது. "மேனேஜரும் நீங்கதான், அப்பாவும் நீங்கதான். இன்னும் ஒரு வருஷம் பாக்கலாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க எமில், வச்சுக்கறோம்" என்றார்கள். ஒரு வார்த்தை. நான், "ஹார்லன் எழுதினது சரி. அனுப்பிடுங்க" என்றேன். மகனுக்காகப் பேசினான் என்று நாளைக்கு ஒருவன் சொல்லிவிடக்கூடாது என்றும் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், அதுவும் இருந்தது.

போனை வைத்துவிட்டு வெளியே வந்தேன். ராய்ஸ் எதிரில் நின்றான். "என்னப்பா?" என்றான். வாயில் வந்தது, "உன் மாமா எழுதிட்டாருடா." அவ்வளவுதான் மச்சான். ஒரு தடவை சொன்னேன், பிறகு நடீனிடம் சொன்னேன், பிறகு ஊரில் சொன்னேன். நவம்பரில் வான்கோழி வெட்ட நீ எழுந்தபோது எனக்கே அது உண்மையாகிவிட்டது. மற்ற பதினாறு பேருக்கு நீ பதில் சொல்லிக்கொள். ராய்ஸ் உன் கணக்கு இல்லை, என் கணக்கு.

நேற்று மதியச் சாப்பாட்டில் உன் கடிதத்தை வீட்டில் சத்தமாகப் படித்தேன். பிறகு இதையும் சொன்னேன். நடீன் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவும் தொட்டி முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ராய்ஸ் சோளக்கதிரைத் தட்டில் வைத்தான்.

"தெரியும்ப்பா" என்றான்.

"என்னடா தெரியும்?"

"நீங்க போன்ல சொன்னது. அன்னிக்கு ஆபீஸ் வெளிய சோடா மெஷின் பக்கத்துல நின்னுட்டிருந்தேன். கதவு தொறந்துதான் இருந்துச்சு."

கேட்டுவிட்டுத்தான் என் எதிரில் வந்து நின்று "என்னப்பா?" என்று கேட்டிருக்கிறான். நான் என்ன சொல்கிறேன் என்று பார்க்க.

"அப்பறம் ஏன்டா நாலு வருஷமா மாமாவ ஒதுக்கி வச்ச? அவர் போன் பண்ணா எழுந்து போன?" என்று கத்தினேன்.

"உங்க மேல கோவப்பட்டா நான் எங்கப்பா போறது? உங்க கூடத்தான இருக்கணும்? மாமா ஊர் ஊராப் போறவரு. அவர் மேல கோவப்படறது சுலபமா இருந்துச்சு" என்றான்.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை மச்சான். உப்பை எடு என்கிற மாதிரி சொன்னான். பிறகு எழுந்து, தன் தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டு, என் டிரக் சாவியை எடுத்தான்.

"எங்கடா?"

"பியோரியா. மாமாகிட்ட கார் இல்லல்ல."

"போய் என்ன சொல்லப்போற?"

"அத அங்க போய்ப் பாத்துக்கறேன்."

இந்தக் கடிதம் வருவதற்கு முன்னால் அவன் உன்னிடம் வந்திருப்பான். உன் பொருள்களை ஏற்றிக்கொண்டு இரண்டு பேரும் இங்கே வாருங்கள், நடீன் மாடி அறையைக் கூட்டிவிட்டாள். ஒன்று மட்டும் கேட்கிறேன். அவன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. நான் எதிரில் உட்கார்ந்து காத்திருந்தேன், திட்டவே இல்லை. வழியில் உன்னிடம் என்னைத் திட்டினால் தடுக்காதே. என்னவெல்லாம் சொன்னான் என்று ஒன்று விடாமல் எனக்குச் சொல்.

எமில்